நல்ல காப்பியும் கலவையின் கணக்கும்

தறிக்குழியில் இறங்குவதற்கு முன் ஒரு டம்ளர் காப்பி குடிப்பது நமது நெசவாளர் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். விடியுமுன் வயலுக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்கல்லர். காப்பித் தூளுக்காக மாதந்தோறும் செலவாகும் தொகையைத் தனியே எழுதிக் கூட்டிப் பார்ப்போர் சிலரே. பார்த்தவர்கள் திகைப்படைவது உண்டு. அவ்வளவு பணம் கொடுத்தும் பல வீடுகளில் காப்பி கறுப்பாகவும் கசப்பாகவும் இருக்கிறதேயன்றி மணமாக இருப்பதில்லை. பழியைப் பாலின்மீது போடுகிறோம், பில்டரின்மீது போடுகிறோம், சில வேளைகளில் காப்பி போட்டுக் கொடுக்கிறவர்மீதே போட்டுவிடுகிறோம். குற்றம் பெரும்பாலும் பொட்டலத்திலேயே இருக்கிறது.

பொட்டலத்தில் உள்ளது என்ன? காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது என்பது நமது நாட்டு உணவுச் சட்டத்தின் விதி. அதாவது 49 சதவீதம் வரையில் சிக்கரி இருந்தால் அது குற்றமன்று. ஆயின் எது எத்தனை பங்கு என்பதைப் பொட்டலத்தின்மீது அச்சிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கட்டளை. அச்சிட்டுத்தான் இருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறவனைக் கண்டால் நமது நெஞ்சு கொதிக்கிறதல்லவா? வாங்குகிறவர் சேலையைத் திருப்பிப் பார்த்து, முத்திரையைப் படித்து வாங்கினால் நமது பிழைப்பு நிலைக்கும் என்று நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். அப்படிச் சொல்லுகிற நாமே, காப்பித் தூள் வாங்கும்போது "வழக்கமானது ஒரு கால் கிலோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதில் பணம் எவ்வளவு என்பதைச் சற்றுக் கணக்கிடுவோம். விலைகள் நாளுக்கு நாள் மாறுவன ஆகையால், பேச்சுக்காக வறுத்த காப்பி கிலோ 900 ரூபாய் என்றும் சிக்கரி கிலோ 200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 80 பங்கு காப்பியும் 20 பங்கு சிக்கரியும் கலந்த ஒரு கிலோவின் அடக்கம் 760 ரூபாய். 51-க்கு 49 என்று கலந்தால் அடக்கம் 557 ரூபாய். வேறுபாடு 203 ரூபாய். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்குகிற குடும்பம், மாதம் ஒரு கிலோ செலவழிக்குமானால், ஆண்டில் 2,436 ரூபாயைக் காப்பி என்று எண்ணிச் சிக்கரிக்குக் கொடுத்திருக்கும். 2024-ஆம் ஆண்டிலும் 2025-இன் தொடக்கத்திலும் உலகச் சந்தையில் காப்பி விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்கு ஏறியது. கொட்டையின் விலை ஏறும்போதெல்லாம் கலப்பை ஏற்றிவிடலாம் என்ற ஆசையும் விற்பவருக்கு ஏறத்தானே செய்யும்?

சிக்கரியை நான் பழிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். அது ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. அதை உலர்த்தி வறுத்துப் பொடிக்கிறார்கள். காப்பியில் உள்ள கேபின் என்னும் சத்து அதில் கிடையாது. நிறம் உண்டு, கெட்டித்தன்மை உண்டு, இலேசான இனிப்புக் கலந்த கசப்பு உண்டு. காப்பித் தூளைவிட மிகுதியாக நீரில் கரைவதும் அதன் குணம். ஆகவே சிறிதளவு சேர்த்தால் டிகாக்ஷன் திடமாக இறங்கும். பால் ஊற்றினாலும் நிறம் வெளுக்காது. பாலோடு குடிக்கிற நமக்கு 10 முதல் 20 சதவீதம் சிக்கரி ஒரு குறையுமன்று. அதற்குமேல் போனால் காப்பியின் மணத்தை அது மூடிவிடும். நமது நாவுக்குப் பழகிப்போன அந்தக் கறுப்பு நிறத்தைக் கண்டு "ஸ்ட்ராங் காப்பி" என்று மகிழ்கிறோமே, அது பல சமயம் சிக்கரியின் வேலையே.

சில்லறையாக அரைத்துத் தரும் கடைகளில் சீட்டு ஒட்டியிருக்காது. அங்கே எதிரில் நின்று கொட்டையையும் சிக்கரியையும் தனித்தனியே நிறுக்கச் சொல்லி வாங்குவதே முறை. சந்தேகம் இருப்பின் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீரை நிரப்பி, அதன்மேல் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள், கலக்கக்கூடாது. காப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரியோ சில விநாடிகளில், பழுப்புநிறக் கோடுகளை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். எத்தனை சதவீதம் என்பதை இச்சோதனை சொல்லாது. ஆயினும் "சுத்தமான காப்பி" என்று சொல்லி விற்றதில் சிக்கரி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒரு கடையில் அப்படிச் சொல்லி வாங்கிய தூளை நான் தூவிப் பார்த்தபோது, டம்ளர் முழுதும் சாயத் தொட்டி போல ஆகிவிட்டது!

இனி, கொட்டையைப் பற்றி. நமது நாட்டில் விளைவன பெரும்பாலும் இரண்டு இனங்களே. அராபிகா என்பது உயரமான மலைகளில் விளைவது. மணமும் மென்மையான புளிப்பும் உடையது. ரொபஸ்டா தாழ்ந்த மலைச்சரிவுகளிலும் விளையும்; அதற்கு மணம் குறைவு, கசப்பும் திடமும் மிகுதி. கேபின் அளவில் ரொபஸ்டா ஏறக்குறைய இருமடங்கு. விலையில் அராபிகா வழக்கமாக மேலானது. குடகு, சிக்மகளூர், ஹாசன் ஆகிய கர்நாடக மாவட்டங்களே நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதியைத் தருகின்றன. வயநாடு ரொபஸ்டாவுக்குப் பேர் பெற்றது. நமது மாநிலத்தில் சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகிய இடங்களில் காப்பி உண்டு. கீழ்ப்பழனி மலையில் மலைவாழையோடும், நிழல் மரங்களில் ஏற்றிய மிளகுக்கொடியோடும் காப்பி விளைவதை அங்கே போனவர்கள் கண்டிருப்பர்.

தோட்டம் என்றவுடன் பெரிய துரைமார் காலத்து எஸ்டேட் நினைவுக்கு வருகிறது. உண்மையில் நமது நாட்டுக் காப்பி விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு விவசாயிகளே. காப்பிப் பழம் நெற்கதிரைப்போல ஒருசேர முற்றுவதில்லை. ஒரே கொத்தில் பச்சைக் காயும் சிவந்த பழமும் இருக்கும். பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்துப் பல தடவை திரும்பி வர வேண்டும். பின்னர் தோலை நீக்கி, வழவழப்புப் போக ஊறவைத்துக் கழுவி, வெயிலில் உலர்த்த வேண்டும். இவ்வாறு கழுவிப் பக்குவப்படுத்திய அராபிகாவே கடையில் "பிளாண்டேஷன்" எனப்படுவது. பழத்தை அப்படியே உலர்த்தி எடுப்பது "செர்ரி". பிரயாசை குறைந்தது, விலையும் குறைவு. "பீபரி" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பழத்தில் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே விளைந்து உருண்டையாக இருப்பது அது. உருண்டையாக இருப்பதால் ஒரே சீராக வறுபடும் என்பதைத் தவிர, அதன் பெயருக்காக மிகுதியாகக் கொடுக்கும் பணம் தேவையற்றது என்பது என் எண்ணம்.

எந்தக் கலவை வாங்குவது? பாலோடு அருந்துகிறவர்களுக்குப் பிளாண்டேஷன் மூன்று பங்கும் ரொபஸ்டா ஒரு பங்கும் நல்ல தொடக்கம். பால் மிகுதியாகச் சேர்ப்போரும், சிக்கனம் கருதுவோரும் இரண்டையும் பாதிப்பாதியாகக் கொள்ளலாம். அராபிகாவைப் பாவாகவும் ரொபஸ்டாவை ஊடையாகவும் எண்ணிக்கொண்டால் நமக்கு எளிதில் விளங்கும். ஒன்று அழகுக்கு, மற்றது உடம்புக்கு. இக்கலவையில் 100 கிராமுக்கு 10 அல்லது 15 கிராம் சிக்கரி போதும். மாதம் முழுமைக்கும் ஒன்றாக வாங்கிவிடாமல், முதலில் இருவகையிலும் 100 கிராம் வாங்கித் தனித்தனியே போட்டுக் குடித்துப் பார்த்து, பிறகு கலப்பைத் தீர்மானிப்பது நலம். பிறர் நாவுக்காக எழுதிய கலவை நம் நாவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நல்ல கலவையாயினும் பழைய தூளானால் பயனில்லை. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் இருக்கும். வறுத்த கொட்டை இரண்டு மூன்று வாரம் மணம் காக்கும். அரைத்த தூளோ சில நாட்களிலேயே தளரத் தொடங்கிவிடும். ஆகவே வாரத்துக்கு வேண்டிய அளவே அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வைத்தல் வேண்டும். பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் குறைந்துவிடும். ஒரு கிலோவுக்கு 800 அல்லது 850 கிராமே மிஞ்சும். விலையை ஒப்பிடுகையில் இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இவ்விடத்தில் நமது பண்டகசாலையைப் பற்றி ஒரு சொல். ஒரு குடும்பம் தனியே செய்ய இயலாததை நூறு குடும்பங்கள் சேர்ந்து செய்யலாம். காப்பித் துறையிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. காப்பி போர்டு நடத்திவந்த காப்பி நிலையங்கள் மூடப்பட்டு, ஊழியர்கள் வேலையிழக்க நேர்ந்தபோது, ஏ. கே. கோபாலன் அவர்களின் வழிகாட்டுதலால் 1957 முதல் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அந்நிலையங்களைத் தாமே நடத்தத் தொடங்கினர். இந்தியன் காப்பி ஹவுஸ் என்ற பெயரில் அவை இன்றும் நடக்கின்றன. ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கின் ஆதிவாசி விவசாயிகளிடமிருந்து கிரிஜன் கூட்டுறவுக் கழகம் காப்பியைக் கொள்முதல் செய்து விற்கிறது. நமது பண்டகசாலையில் அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. மலை விவசாயிகளின் சங்கத்திடம் கொட்டையாக வாங்கி, வாரம் ஒருமுறை வறுத்து, காப்பியை ஒரு டப்பாவிலும் சிக்கரியை வேறொரு டப்பாவிலும் வைத்து, அங்கத்தினர் கேட்கிற அளவில் கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்தால் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதனை எவரேனும் எழுப்பினால் நான் வழிமொழிவேன்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். நமது பில்டருக்குத் தூள் மாவைப்போல நைசாக இருத்தலாகாது. ரவையைப்போலப் பருமனாகவும் இருத்தலாகாது. இரண்டுக்கும் நடுவே இருத்தல் வேண்டும். மிக நைசானால் துளை அடைத்து இறங்காமல் நிற்கும். மிகப் பருமனானால் இரண்டே நிமிஷத்தில் இறங்கி வெந்நீர் போலிருக்கும். மூன்று டம்ளர் காப்பிக்கு 25 கிராம் தூளும் 150 மில்லி நீரும் கணக்கு. தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளுமாதலால், இறங்குவது 100 மில்லி அளவே. மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டுச் சமப்படுத்தி, காம்பு வைத்த தட்டினால் இலேசாக அழுத்த வேண்டும், இறுக்கிவிடக்கூடாது. நீர் நன்றாகக் கொதித்து, இறக்கிவைத்துக் கொதி அடங்கியதும், முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் சுற்றிலும் ஊற்றி ஒரு நிமிஷம் விட வேண்டும். புதிய தூளாயின் அப்போது நுரைத்துப் பொங்கும். அது வறுத்த கொட்டையில் தங்கியிருந்த கரியமில வாயு வெளியேறுவது. தூள் புதியது என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு எஞ்சிய நீரை ஊற்றி மூடிவிட்டு, தறியிலோ தோட்டத்திலோ வேறு வேலையைப் பார்க்கலாம். 15 அல்லது 20 நிமிஷத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். தட்டுவதும் குலுக்குவதும் வேண்டாம்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயம் போடுகிறவர்களுக்கு இது புதிதன்று: உப்பும் கடினமும் மிகுந்த நீரில் சாயம் தெளிவாக ஏறுவதில்லை. காப்பியும் அவ்வாறே. கடின நீர் காப்பியின் புளிப்பை அடக்கி, ருசியை மழுக்கிவிடுகிறது. குடிப்பதற்குத் தனியே பிடித்து வரும் நல்ல நீரிலேயே டிகாக்ஷன் போட வேண்டும்.

டிகாக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது பெருந்தவறு. மணம் ஆவியாகப் போய்க் கசப்பே மிஞ்சும். ஆறிப்போயிருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றலாம். பாலைத்தான் புதிதாகக் காய்ச்சிப் பொங்கும் சமயத்தில் எடுத்து, டிகாக்ஷனும் சர்க்கரையும் உள்ள டம்ளரில் ஊற்றி, டவராவில் ஓரிரு முறை ஆற்ற வேண்டும். "டிகிரி காப்பி" என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாலின் தரத்தைப் பால்மானியால் டிகிரி பார்த்து வாங்கியதால் வந்தது என்பர் பலர். பெயர் எப்படி வந்திருந்தாலும், தண்ணீர் கலவாத பால் பாதிக் காப்பி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சக்கையில் மறுபடியும் நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்ஷன் நிறம் தரும், கசப்பும் தரும், ருசி தராது. சிக்கனம் வேண்டுவோர் அதற்குப் பதிலாக ஒரு வேளைக் காப்பியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி, சிறப்பாகப் பெண்களுக்கு. சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறைகிறது. இரத்தசோகை உள்ளவர்கள் உணவுக்கும் காப்பிக்கும் நடுவில் ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுதல் வேண்டும்.

பில்டர் இறங்கவில்லை என்று புதியது வாங்கப் புறப்படுகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். மேல் பாத்திரத்தின் அடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாதித் துளைகள் அடைபட்டிருக்கும். எவர்சில்வர் பில்டராயின் அடிப்பகுதியைச் சிறிது நேரம் நெருப்பில் காட்டினால் அடைத்திருக்கும் தூள் கருகி உதிர்ந்துவிடும். ஆறியபின் தேய்த்துக் கழுவலாம். ஈயம் பூசிய பித்தளைப் பில்டரை நெருப்பில் காட்டக்கூடாது, ஈயம் உருகிவிடும். அதை வெந்நீரில் ஊறவைத்துச் சிறு தூரிகையால் தேய்க்க வேண்டும்.