தானே ஓடும் திரை

சென்னையின் வடபால், இராயபுரத்தை அடுத்துக் கடலோரத்தில் அமைந்துள்ளது காசிமேடு. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடும். கரை சேர்ந்த விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் கூறும் குரல்கள் எழும். இத்தகைய ஊரில் இரவின் உறக்கம் எத்துணை அருமையானது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வூர் மாணவன் ஒருவன் இரவு 9 மணிக்குத் தந்தையின் கைபேசியை எடுக்கிறான் என்று கொள்வோம். வடிவியல் கணக்கு ஒன்று அவனுக்கு விளங்கவில்லை. அதனை விளக்கும் காணொளியை யூடியூபில் காண்கிறான். 10 நிமிடத்தில் விளக்கம் முடிகிறது, ஐயமும் தீர்கிறது. ஆயினும் திரை ஓயவில்லை. சில நொடிகளில் வேறொரு காணொளி தானே தொடங்குகிறது, அதன்பின் இன்னொன்று. கணக்கில் தொடங்கியவன் கிரிக்கெட்டைக் கடந்து நகைச்சுவைக் காட்சிகளில் வந்து நிற்கிறான். நிமிர்ந்து பார்க்கும்பொழுது மணி 11. அவன் கண்டவை பல. அவனே தேர்ந்தது முதலாவது ஒன்றே.

இதற்குக் காரணம் யாது? ‘ஆட்டோப்ளே’ என்னும் தானியக்க ஏற்பாடே காரணம். நாம் இதுவரை எவற்றைக் கண்டோம் என்பதைக் கணினி குறித்து வைக்கிறது. அதைக்கொண்டு, நம்மை அடுத்து எது இருத்திவைக்கும் எனக் கணித்து, அதனை நம்மைக் கேளாமலே ஓட்டுகிறது. நாம் நெடுநேரம் பார்த்தால் விளம்பரங்களும் மிகுதியாகக் காட்டப்படும். நிறுவனத்தின் வருவாயும் பெருகும். யூடியூபில் இவ்வேற்பாடு 2015ஆம் ஆண்டில் பரவலாக வந்தது.

முன்னாளில் நிலைமை வேறு. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அக்காலத்தில் நிகழ்ச்சிகள் குறித்த நேரத்திற்கே உண்டு. அவை முடிந்ததும் திரை அடங்கும். திரைப்படத்திற்கு இடைவேளை உண்டு. நூலுக்கு அதிகாரத்தின் முடிவு உண்டு. அவ்விடங்களில் மனம் சற்றே நின்று, ‘இன்னும் வேண்டுமா, போதுமா?’ என்று தன்னைத்தானே வினவிக்கொள்ளும். தானியக்கம் அவ்வினாவுக்கு இடமே தருவதில்லை. முன்பு தொடர்ந்து பார்க்க முயற்சி வேண்டியிருந்தது. இன்று நிறுத்துவதற்கே முயற்சி வேண்டியிருக்கிறது.

இக்குறையை உணர்ந்தோர் பலர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் யூடியூப் நிறுவனம், 13 முதல் 17 வயது வரை உள்ளோரின் கணக்குகளில் தானியக்கம் தொடக்கத்திலேயே அணைந்திருக்கும் என அறிவித்தது. நல்லதே, ஆனால் நம் மாணவன் கையில் இருப்பது யாருடைய கைபேசி? தந்தையுடையது, கணக்கும் அவர் பெயரில் உள்ளது. பார்ப்பவர் வளர்ந்தவர் என்றே கணினி கருதும். ஆதலால் அப்பாதுகாப்பு அவனை வந்தடைவதில்லை. கைபேசி ஒன்றையே குடும்பம் முழுதும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், அதனை நாமே தேடிக்கொள்ளுதல் வேண்டும்.

அதற்குரிய வழி எளிது. காணொளி ஓடும்பொழுது திரையைத் தொட்டால் அதன் மேற்பகுதியில் சிறு சுவிட்ச் ஒன்று தோன்றும். கணினியிலாயின் அது காணொளியின் கீழ்ப்பகுதியில் இருக்கும். அதில் முக்கோணக் குறி தெரிந்தால் தானியக்கம் இயங்குகிறது என்பது பொருள். ஒருமுறை தொட்டால் அது இரு கோடுகளாக மாறும், தானியக்கம் அணைந்துவிடும். நெட்பிளிக்ஸில் கணக்குப் பக்கத்திற்குச் சென்று, அடுத்த பகுதி தானே ஓடுவதற்கான குறியை நீக்குதல் வேண்டும். அங்கு ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியே இதனைச் செய்தல் இன்றியமையாதது.

இதனால் காலம் மட்டுமன்றிப் பொருளும் மிஞ்சும். உயர்தெளிவுக் காட்சி ஒரு மணி நேரத்திற்கு 3 ஜிபி வரை தரவை விழுங்கக்கூடும் என நெட்பிளிக்ஸ் நிறுவனமே கூறுகிறது. அன்றாடம் அளந்து கிடைக்கும் தரவு, உறங்கிப்போனவன் முன்னே ஓடும் காட்சிக்குச் செலவாவது வீண் அன்றோ?

தானியக்கம் முற்றிலும் தீதென்று கூறுதல் முறையன்று. வலையைச் செப்பனிடுவோரின் இரு கைகளும் வேலையில் இருக்கும். அவர்களுக்குப் பாட்டுக்குப்பின் பாட்டாகத் தானே ஒலிப்பது உதவியே. வேண்டும்பொழுது இயக்கவும் வேண்டாதபொழுது அணைக்கவும் அறிந்தவனுக்குக் கருவி ஏவலாள். அறியாதவனுக்கு அதுவே எசமான்.

காசிமேட்டு மக்கள் நிறுத்தத்தின் பயனை அறிந்தவர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. 2017ஆம் ஆண்டுக்கு முன் 45 நாளாக இருந்த இத்தடைக்காலம், மீன்கள் இனம் பெருக்குவதற்காக விடப்படுவது. அந்நாட்களில் வருவாய் குன்றும்; குடும்பங்கள் இடர்ப்படும். எனினும் வலை ஓயாதிருந்தால் நாளைக்குக் கடலில் மீன் இராது.

கடலின் ஓய்வுக்கு அரசு நாள் குறிக்கிறது. நம் கண்ணின் ஓய்வுக்கு நேரம் குறிக்க வேண்டியவர் நாமே.