என் சந்தா யாருக்குப் போகிறது?

மாசம் முழுக்க ஒரே பாடகியைத்தான் கேட்கிறேன், அப்போ என் சந்தா அவங்களுக்குத்தானே போகும்? ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ஸ்பாட்டிஃபை முறை வேறு. எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழும். எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியதோ அந்த விகிதத்தில் உரிமையாளர்களுக்குப் பிரிப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் 100 ரூபாய், நீங்கள் 100 ரூபாய் கட்டுகிறோம். நான் அந்தப் பாடகியை 10 முறை கேட்கிறேன். நீங்கள் சினிமா ஹிட்டுகளை 990 முறை ஓட விடுகிறீர்கள். கம்பெனி எடுக்கும் பங்கை மறந்துவிட்டால்கூட, 200 ரூபாயில் பாடகிக்கு வருவது 2 ரூபாய். என்னுடைய 98 ரூபாய் நான் கேட்காத பாட்டுக்குப் போகிறது. இது பக் இல்லைங்க, டிசைனே இப்படித்தான். 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறைகூட ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கும் கிடையாது.

என் பணம் நான் கேட்டவருக்கே போகணும் என்ற முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் ஒரு பகுதி கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது.

எனக்குச் சுலபமாகப் பட்டது பேண்ட்கேம்ப்தான். டிஜிட்டல் ஆல்பத்தில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். பேமென்ட் கட்டணமும் போக, 10 டாலர் ஆல்பத்தில் சுமார் 8 டாலர் கலைஞருக்கு. (நடுவில் லேபிள் இருந்தால் அவங்க பங்கு தனி.) பெரும்பாலும், சொன்ன விலைக்கு மேலேயும் கொடுக்கலாம். கோவிட்டில் கச்சேரிகள் நின்றபோது, 2020 மார்ச்சில் 'பேண்ட்கேம்ப் வெள்ளி' தொடங்கினார்கள். அறிவித்த வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கையும் விட்டுவிடுகிறார்கள். வாங்க வேண்டியதையெல்லாம் அந்த நாளுக்கென்று சேர்த்து வைக்கிறேன்.

சந்தாவை நிறுத்தவில்லை. புதுசா தேடிக் கேட்க அது வேணும்.