உங்களுக்குத் தெரியுமா? காட்டுப் பாதையில் வண்டி படுத்தால்...

மெக்கானிக் இல்லை, செல்போன் டவர் இல்லை, பக்கத்தில் ஊரும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில், கையில் கிடைத்ததை வைத்து வண்டியைக் கிளப்பியவர்களின் கைவேலைகள் சில இங்கே. எல்லாமே ரோட்டைப் பிடிக்கும் வரைக்குமான வைத்தியம்தான்.

● மனிதன் வண்டி ஓட்டியதிலேயே ரோட்டுக்கு வெகு தொலைவான இடம் நிலவு. அங்கேயும் ஒட்டுவேலை நடந்திருக்கிறது! 1972 டிசம்பரில் அப்போலோ 17 பயணத்தின்போது, யூஜீன் செர்னானின் சுத்தியல் பட்டு ரோவர் வண்டியின் பின்பக்க மட்கார்டு உடைந்தது. பூமியில் என்றால் 'போனால் போகட்டும்' என்று ஓட்டிவிடலாம். அங்கே சக்கரம் வாரியடித்த தூசி வண்டியில் இருந்த இரண்டு பேர் மேலும் மழையாகக் கொட்டியது. கருந்தூசி படிந்தால் கருவிகள் சூடேறும். விண்வெளி உடையின் மூட்டுகள் தேயும். டேப் ஒட்டிப் பார்த்தார் செர்னான். தூசி படிந்த பரப்பில் டேப் எப்படி நிற்கும்? கழன்று போனது. அவர்கள் தூங்கி எழுவதற்குள் ஹூஸ்டனில் இருந்தவர்கள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார்கள். நான்கு வரைபடத் தாள்களை ஒன்றாக டேப் போட்டு ஒட்டி, லேண்டருக்குள் இருந்த விளக்கின் கிளாம்ப்களால் உடைந்த இடத்தில் கவ்வ வைத்தார்கள். பயணம் முடியும் வரை அது தாங்கியது. அந்தக் காகித மட்கார்டைக் கழற்றிப் பூமிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

● ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது நம்மூர் லாரி டிரைவர்களின் பழைய வைத்தியம். மேல்நாட்டுக்காரர்கள் அதே வேலைக்குக் கடுகுத் தூள், மிளகுத் தூள், முட்டையின் வெள்ளைக்கரு என்று போயிருக்கிறார்கள். வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உறையத் தொடங்கும். ஓடுகிற இன்ஜினில் தண்ணீரின் சூடு 90 டிகிரியை ஒட்டி இருக்கும். ஓட்டையை நோக்கிப் போகிற வெள்ளைக்கரு அங்கேயே வெந்து அடைத்துக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று முட்டைக்கும் தெரியாது, மஞ்சளுக்கும் தெரியாது. இரண்டையும் அடைக்கும். ஊர் வந்ததும் நன்றாகக் கழுவியாக வேண்டும்.

இதைவிட நல்ல தந்திரம் ஒன்று உண்டு. வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியை முதல் பூட்டு வரை மட்டும் தளர்த்தி வைத்துவிடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறாது, ஒழுக்கு குறையும். ஆனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் மெதுவாக ஓட்டி, அவ்வப்போது நிறுத்தி ஊற்ற வேண்டியிருக்கும். கொதிக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள்.

● தண்ணீரே கிடைக்காத சகாராவில் ரேடியேட்டர் கொதித்தால்? 1920களின் இறுதியில் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ரேடியேட்டரில் இருந்து ஒரு குழாயை இழுத்து, பக்கவாட்டில் கட்டிய தகர டின்னுக்குள் விட்டார். டின்னில் பாதிக்குத் தண்ணீர். கொதித்து வரும் நீராவி வெளியே போகாமல் அந்தத் தண்ணீரில் அடங்கிவிடும். டின் தண்ணீரும் கொதித்தால் வண்டியைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துவார்கள். ரேடியேட்டர் ஆற ஆற, டின்னில் இருந்த தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு வீணில்லை. இன்றைய கார்களின் பானட்டுக்குள் இருக்கும் கூலன்ட் டப்பா செய்வதும் இதே வேலைதான்.

மணலில் புதைந்த சக்கரத்துக்கு அடியில் போட, கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடைத்த எஃகுத் தகடுகளைப் பயன்படுத்தியவரும் இவரே. 1940இல் இவர் தொடங்கிய 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' படை இந்த இரண்டையும் வைத்தே பாலைவனத்தைக் கடந்தது. மணல் எப்படி நகர்கிறது என்று 1941இல் இவர் எழுதிய புத்தகம் செவ்வாய் கிரக ஆராய்ச்சி வரை போனது. அங்கே ஒரு மணல்மேட்டுப் பகுதிக்கு இவர் பெயர்தான்.

● ஒரு சக்கரத்தின் நட்டுகள் எல்லாம் தொலைந்துவிட்டனவா? மற்ற மூன்று சக்கரங்களில் இருந்து தலைக்கு ஒன்று கழற்றி மாட்டுங்கள். ஐந்து நட்டு வண்டியில் மூன்று சக்கரத்துக்கு நான்கு, ஒரு சக்கரத்துக்கு மூன்று. மெதுவாகப் போனால் தாங்கும்.

● கியர் பாக்ஸில் வாழைப்பழம்! ஜாக் செகுவேலா, ஜான்-க்ளோத் போதோ என்ற இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் 1958-59இல் சிட்ரோயன் டூ சிவி காரில் உலகைச் சுற்றினார்கள். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கியர் பாக்ஸ் ஆயில் ஒழுகித் தீர்ந்துபோக, வாழைப்பழத்தை உள்ளே திணித்து வண்டியை ஓட்டினார்கள் என்பது அந்தக் காரின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் கதை. பற்சக்கரங்கள் நேரடியாக உரசாமல் இடையில் வழுக்கலாக ஏதாவது இருக்க வேண்டும். கொஞ்ச தூரத்துக்குப் பிசைந்த பழமும் அதைச் செய்யும். செகுவேலா பின்னாளில் விளம்பரத் துறைக்குப் போய், 1981இல் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் மித்தரானுக்குப் பிரசாரம் வடிவமைத்துக் கொடுத்தார். கதை சொல்லத் தெரிந்தவர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

● காட்டுக்குள்ளேயே வெல்டிங் வைக்கலாம். கரன்ட் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம். கார் பேட்டரி ஒன்று 12 வோல்ட். ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு இணைத்து இரண்டு பேட்டரிகளைச் சேர்த்தால் 24 வோல்ட், மூன்று என்றால் 36. ஜம்பர் கேபிளின் ஒரு முனை உடைந்த இரும்பில், மறுமுனை மெல்லிய வெல்டிங் ராடில். இரண்டு பேட்டரியிலேயே பொறி பிடிக்கும். மூன்று இருந்தால் வேலை சுத்தமாக வரும். கூட்டமாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு பேட்டரியைக் கழற்றிக் கொடுத்து, உடைந்த சேஸிஸ் பிராக்கெட்டை ஒட்டிக்கொண்டு திரும்புவது உண்டு.

எச்சரிக்கைகளும் சின்னவை அல்ல. வேலை வாங்கும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வெளிவரும். பொறி பட்டால் பேட்டரியே வெடிக்கும். அதனால் தள்ளி வைத்து மூடி வைக்க வேண்டும். வெல்டிங் வைக்கும் வண்டியின் வயரிங்கைப் பேட்டரியில் இருந்து கழற்றாவிட்டால் உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் போய்விடும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் பார்ப்பது கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. பையில் வெல்டிங் கண்ணாடி இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். பேட்டரியை முழுதாக இறக்கிவிட்டால் பிறகு வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

● டீசல் டேங்கில் கல் பட்டு ஓட்டையா? குளியல் சோப்பை அழுத்தித் தேயுங்கள். சோப்பு டீசலிலும் பெட்ரோலிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும், மழை வந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும்.

● முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடு முறிந்தால், ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும். இதற்குப் புத்தூர் கட்டுதான். முறிந்த இடத்தை நேராக்கி, பஞ்சர் லீவரையோ ஜாக்கிக் கம்பியையோ பக்கத்தில் வைத்து, ஹோஸ் கிளிப்பும் கட்டுக்கம்பியும் போட்டு இறுக்குகிறார்கள். நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வளைவுக்கு வளைவு இறங்கி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

● நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு வசதி: பின்பக்கம் போனாலும் முன்பக்கம் இருக்கிறது. பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட்டையே கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, ஃபோர் வீல் போட்டு முன் சக்கரங்களின் இழுவையில் வரலாம். பழைய லேண்ட் ரோவர்களில் பின் ஆக்சில் ஷாஃப்ட் முறிவது சகஜம். ஆனால் அவற்றில் வண்டியின் எடையை ஹப் தாங்குகிறது, ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்ற மட்டும்தான். உடைந்ததை உருவி எடுத்துவிட்டாலும் சக்கரம் கழன்று போகாது. எல்லா வண்டியும் இப்படி இல்லை. ஷாஃப்ட்டே எடையையும் தாங்கும் வகை என்றால், அது முறிந்ததும் சக்கரம் தனியாக உருண்டு போகும். உங்கள் வண்டி எந்த வகை என்று வீட்டில் இருக்கும்போதே மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

● ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் யுவென்டமு என்ற ஊரின் வார்ல்பிரி பழங்குடி மக்கள் பழைய கார்களை ஓட வைக்கும் விதத்தைப் பார்த்து, 2001இல் 'புஷ் மெக்கானிக்ஸ்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடரே எடுத்தார்கள். பஞ்சரான டயருக்குள் ஸ்பினிஃபெக்ஸ் புல்லைத் திணித்து ஓட்டுவார்கள். உடைந்த பாகத்துக்கு முல்கா மரத்தைச் செதுக்கி மாட்டுவார்கள். அந்த மரம் அவ்வளவு கெட்டி. சிரிக்கச் சிரிக்க எடுத்த தொடர்தான். ஆனால் ஒர்க்‌ஷாப் கையேடு எதிலும் இல்லாத பாடம் அதில் இருந்தது.

● சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் ஜீப் தவிர வேறு எதுவும் போகாது. மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வழி கேரளத்தில் இருந்து. இப்படிப்பட்ட கல் பாதைகளில் முதலில் போவது ஸ்பிரிங் பட்டைதான். மேல் பட்டை முறிந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்வதோடு நிற்காது. ஆக்சிலைப் பிடித்து வைப்பதும் அந்தப் பட்டைதான் என்பதால் சக்கரமே பின்னால் நகர்ந்துவிடும். சேஸிசுக்கும் ஆக்சிலுக்கும் இடையில் மரக்கட்டையை அடித்துச் செருகி, ஆக்சில் நகராதபடி சங்கிலியோ கயிறோ போட்டு முன்னும் பின்னும் இழுத்துக் கட்டுவதே வழி. முதுகு வலிக்கும், ஊர் போய்ச் சேரலாம்.

● ஓடையைக் கடக்கும்போது இன்ஜின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டதா? செல்ஃப் அடிக்காதீர்கள்! காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசல் என்றால் ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பிறகு சுற்றினால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அப்போது அந்தத் துளைக்கு நேராக முகத்தை நீட்டாதீர்கள்.

● பழைய டீசல் ஜீப்பில் ஃபீட் பம்ப் மக்கர் செய்தால், டீசல் கேனை மேல் கேரியரில் கட்டி, குழாய் வழியே இறக்கிவிட்டால் போதும். புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். காமன் ரெயில் வண்டிகளில் இந்தப் பருப்பு வேகாது.

● 1993இல் மொராக்கோ பாலைவனத்தில் காரை உடைத்துக்கொண்ட எமில் லெரே என்ற பிரெஞ்சுக்காரர், அதையே பிரித்து 12 நாளில் மோட்டார் சைக்கிளாகக் கட்டி வெளியே வந்ததாகச் சொல்கிறார். பின்னோக்கி மட்டும்தான் ஓடுமாம்! போட்டோக்கள் இருக்கின்றன, சந்தேகப்படுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் பாதி சந்தேகம்தான்.

● பின்னோக்கி ஓடியே பேர் வாங்கிய இன்னொரு வண்டி, செவ்வாயில் இருந்த ஸ்பிரிட் ரோவர். 2006இல் அதன் முன் சக்கர மோட்டார் ஒன்று செத்துப்போனது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் யார் போய்ப் பார்ப்பது? ரிவர்ஸில் ஓட்டி, செத்த சக்கரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே போக வைத்தார்கள். அந்தச் சக்கரம் கீறிக்கொண்டு போன தடத்தில் 2007இல் வெள்ளை மண் தெரிந்தது. சோதித்தால், ஏறக்குறைய 90 சதவீதம் சிலிக்கா. செவ்வாயில் ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அது பெரிய சான்றானது.

● எல்லாவற்றுக்கும் ஒட்டுவேலை உண்டு, பிரேக்குக்கு மட்டும் நம்பி ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு சக்கரத்தின் பிரேக் ஹோஸ் அறுந்தால், அதை மடக்கி லாக் பிளேயரால் கவ்வ வைத்து மற்ற மூன்றில் பிரேக் பிடிக்க வைக்கிறார்கள். சமதளத்துக்கு அது போதும். அதுவும் முடியாமல் ஆள் நடமாட்டமில்லாத பாலைவனத்தில் நின்றுவிட்டால் வண்டியை விட்டு அகலக் கூடாது, தேடி வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது வண்டிதான். மலை இறக்கம் என்றால் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நடந்து இறங்குங்கள். மறுநாள் புது ஹோஸோடு வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம்.