பையன் வெட்கப்பட்டு மறைக்கும் வலி
6 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

நள்ளிரவு 2 மணி. தூங்கிக்கொண்டிருந்த 13 வயதுப் பையன் திடீரென்று எழுந்து உட்காருகிறான். "அம்மா, வயிறு வலிக்குது!" வாந்தியும் எடுக்கிறான்.

"சூடு பிடிச்சிருக்கும். தொப்புள்ல விளக்கெண்ணெய் தடவு. காலையில பார்த்துக்கலாம்" என்கிறார் அப்பா.

விடிவதற்குள் காரியம் கெட்டுப் போகலாம். வலி வயிற்றில் இல்லை, விதையில். சொல்லக் கூச்சப்பட்டு வயிற்றின் மேல் பழி போடுகிறான் பையன். சிலருக்கு அடிவயிற்றில் மட்டுமே வலி தெரிவதும் உண்டு.

முறுக்கிய கயிறு

விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கயிறு மாதிரி ஒரு நாளத்துக்குள் இருக்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விதை பைக்குள் சரியாக ஒட்டியிருக்காது. மணியின் நாக்கு மாதிரி ஆடும். நாளம் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

12 முதல் 18 வயதுக்குள் இது அதிகம். பச்சைக் குழந்தைக்கும் வரலாம். பையன் செய்த தப்பு எதுவும் இதற்குக் காரணம் அல்ல.

ஒரு பக்கம் திடீர் வலி, வீக்கம், குமட்டல், ஒரு விதை மேலேறி நிற்பது... இவைதான் அடையாளம்.

கடிகாரத்தைப் பாருங்கள்

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால், 10 பேரில் சுமார் 9 பேருக்கு விதை பிழைக்கிறது. 24 மணி நேரம் தாண்டினால் பிழைப்பது அபூர்வம்.

எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்; வழியில் டீ, காபிகூட வேண்டாம். வண்டி இல்லையா? 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசம். வலி தானாக நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி முறுக்கலாம்.

ஆபரேஷனில் முறுக்கைப் பிரித்து, விதை மறுபடி சுழலாதபடி தையல் போடுவார்கள். நல்லா இருக்கிற மறுபக்கத்துக்கும் அதே தையல்தான்.

அப்புறம் என்ன?

பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். வீக்கம் குறையும் வரை இறுக்கமான ஜட்டி நல்லது. சைக்கிள், கிரிக்கெட், கபடி எல்லாம் சில வாரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். விதை சுருங்குகிறதா என்று சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

விதை செத்துப்போயிருந்தால் எடுத்துவிடுவார்கள். அதற்காக இடிந்துபோக வேண்டாம். மற்றது நன்றாக இருந்தால் மீசையும் முளைக்கும், பின்னாளில் அப்பாவும் ஆகலாம்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது பையனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அங்கே வலிச்சா வெட்கப்படாம உடனே சொல்லுடா!"