திருப்பிக் கொடுக்கத் தெரிந்த வளர்ப்பு

கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் தாயில்லாப் பிள்ளையை ஆயாவோ தாய்மாமனோ அழைத்துப்போய் வளர்ப்பது புதிதல்ல. கரும்பு வெட்டவும் செங்கல் சூளை வேலைக்கும் வெளியூர் போகிற குடும்பங்களில், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் மாதக்கணக்கில் ஆயா வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆயாவும் இல்லை, மாமனும் கைவிரித்துவிட்டார் என்றால் நமக்குத் தெரிந்த வழி இரண்டே: தத்து, இல்லாவிட்டால் இல்லம். இந்த இரண்டுக்கும் நடுவே 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆம் பிரிவில், வளர்ப்புப் பராமரிப்பு என்று மூன்றாவது வழியை வைத்திருக்கிறது. அந்த வழியில் நம் குடும்பங்கள் அதிகம் போகாததற்கு இரக்கமின்மை காரணமல்ல. வளர்த்த பிள்ளை நமக்கே சொந்தமாக வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

தத்தெடுத்தால் பெற்றவர்களோடு பிள்ளைக்கு இருந்த சட்ட உறவு முடிந்துபோகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் அது அறுவதில்லை. அப்பா சிறையில், அம்மா தீராத நோயில் என்று இருக்கும் குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும்; புதிய தாய் தகப்பன் வேண்டியதில்லை. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டால்தான் பிள்ளையை ஒரு குடும்பத்தில் விடமுடியும். அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் சேர்க்கப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் கெடுதல் இல்லையென்றால் பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். மத்திய அரசு 2024இல் திருத்திய மாதிரி வழிகாட்டுதல்களின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இப்படி வளர்க்கலாம். தம்பதி என்றால் குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். 35 முதல் 60 வயதுக்குட்பட்ட தனியாளும், கணவனை இழந்தவரும் மணமாகாதவரும் உட்பட, விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் ஆணிடம் பெண் குழந்தையை ஒப்படைக்க மாட்டார்கள். விண்ணப்பித்ததும் அலுவலர்கள் வீட்டுக்கு வருவார்கள். குழந்தை எங்கே படுக்கும், வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் சம்மதமா என்று பார்ப்பதும் கேட்பதும்தான் அந்த விசாரணை. மாடி வீடு கேட்பதில்லை.

இல்லத்தில் மூன்று வேளைச் சோறும் டியூஷனும் கிடைக்கிறதே, ஏழை வீட்டில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல இல்லங்கள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் மாமல்லபுரத்தில் குழந்தைகள் சீரழிக்கப்பட்ட செய்தியிலிருந்து தொடங்கி, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களின் பெயரிலேயே உச்சநீதிமன்றத்தில் பத்தாண்டு நடந்த வழக்கில் 2017 மே மாதம் வந்த தீர்ப்பையும் நாம் மறக்கக்கூடாது. ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதை மட்டுமே வழியாக நினைக்காமல், வளர்ப்புப் பராமரிப்பையும் தத்தையும் ஊக்குவிக்கச் சொன்ன தீர்ப்பு அது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2001 வாக்கில் தொடங்கிய ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. இல்லங்களிலிருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் பெரியவர்களிடம் ஒட்டிக்கொள்ளும் பாசத்திலும் முந்தினார்கள்; இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். நம் நாட்டில் ஆறு வயதுக்குப் பிறகுதானே இந்த ஏற்பாடு, அந்தப் பலன் இங்கே கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. அதே அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் வந்த ராத்திரியில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரே ஆள் தினமும் இருப்பது ஆறு வயதிலும் தேவை, பதினாறிலும் தேவை.

மாதம் 4,000 ரூபாய்க்காகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வீட்டு வேலையும் மாடு மேய்ப்பதும் வாங்குவார்கள் என்ற அச்சம் இன்னும் கனமானது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்குத் தரப்படும் தொகை அது. அச்சத்துக்கு இடமிருப்பதால்தான், குழு மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. அந்த ஆய்வு தவறினால் திட்டமே கெட்டுவிடும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பாசம் வைத்த பிறகு அனுப்பச் சொன்னால் தாங்குமா என்பதும் உண்மையான வலிதான். நிலைமை மாறி, குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியதாக அறிவிக்கப்பட்டால், இரண்டாண்டு வளர்த்த குடும்பமே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இது ஐந்தாண்டாக இருந்தது. மற்றபடி, பெற்றவள் தேறி வந்து கூட்டிப்போனால் அந்த வளர்ப்பு தோற்கவில்லை, நிறைவேறியிருக்கிறது. என்ன சாதியோ, யார் பிள்ளையோ என்ற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. பசிக்கிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வி அல்ல அது.

சொந்தத்தில் வளர்க்கும் ஆயாவுக்கும் உதவி உண்டு. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, அதே மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் தர வழியிருக்கிறது. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் தருவதாக 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. ஆனால் ஊரே அழுத சாவுக்குக் கிடைத்த கவனம், பாம்பு கடித்தோ காசநோயிலோ போன தகப்பனின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், மாதம் 2,000 ரூபாய் வீதம் முதற்கட்டமாக 6,082 பிள்ளைகளைச் சேர்த்தது அந்தக் குறையைத் தீர்க்கும் நல்ல தொடக்கம். இறப்புச் சான்றையும் ரேஷன் அட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறும் ஆயாவுக்கு எந்தத் திட்டம், எந்தப் படிவம் என்று தெரியாது. படித்தவர்கள் ஒருமுறை கூடப் போனால் போதும். விழுப்புரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. வளர்க்க விரும்புகிறவர்களும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆதரவின்றி நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098க்கு அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள்; கட்டணம் கிடையாது.