படகுப் பூச்சால் குஞ்சற்றுப் போன சிப்பிப் பண்ணைகள்

பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறது. பூவும் பூக்கிறது. ஆனால் பிஞ்சு பிடிக்கவில்லை. இப்படி நேர்ந்தால் விவசாயி மண்ணையும் மருந்தையும் சந்தேகிப்பார். கடலில் சிப்பி வளர்ப்போருக்கும் ஒரு சமயம் இதே நிலை வந்தது. தாய்ச் சிப்பிகள் உயிரோடு இருந்தன, முட்டையும் இட்டன, குஞ்சு மட்டும் வரவில்லை. காரணம், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அளவில் நீரில் கலந்திருந்த ஓர் உலோகக் கூட்டுப்பொருள். இது நடந்தது பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கரையில் உள்ள ஆர்க்கஷோன் விரிகுடாவில். நம் கடலோரத்தில் சிப்பி வளர்ப்பில் இறங்க நினைக்கும் சிறு விவசாயிகளும் மீனவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஆர்க்கஷோன் விரிகுடாவின் வாய் குறுகலானது. உள்ளே அலை குறைவு. பிரான்சு நாட்டின் பல கடற்பகுதிகளுக்கு அதுவே சிப்பி நாற்றங்கால். கூரை ஓடுகளுக்குச் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, கோடையில் கடலில் அடுக்கி வைப்பார்கள். தாய்ச் சிப்பி ஒன்று லட்சக்கணக்கில் முட்டைகளை நீரில் விடுகிறது. அவை கருவுற்று, நுண்ணிய குஞ்சுகளாக இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரியும். பிறகு கெட்டியான ஓரிடம் தேடி ஒட்டிக் கொள்ளும். ஓட்டில் ஒட்டிய குஞ்சுகளைச் சுரண்டி எடுத்து வளர்ப்பதும் விற்பதும் அங்குள்ளோர் தொழில். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உணவுச் சிப்பிக் குஞ்சு சேகரித்ததும் இதே சுண்ணாம்பு பூசிய ஓட்டில்தான். ஆகவே அங்கு நேர்ந்தது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல.

1977-ஆம் ஆண்டிலிருந்து ஆர்க்கஷோனில் ஓடுகள் வெறுமையாகவே திரும்பின. ஓராண்டு என்றால் பருவக் கோளாறு எனலாம். 1981 வரை ஐந்து ஆண்டுகள் இதே கதை. முட்டை கருவுற்றது, குஞ்சும் தோன்றியது. ஆனால் சில நாட்களிலேயே வளர்ச்சி நின்று மடிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது பல குஞ்சுகளின் வயிற்றில் இரையே இல்லை. குஞ்சு தின்னும் நுண்பாசிகளையும் அதே நஞ்சு தாக்கியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதினர்.

வளர்ந்த சிப்பிகளும் நலமாக இல்லை. சிப்பியின் ஓடு மெல்லிய அடுக்கின் மேல் அடுக்காக வளர்வது இயல்பு. இங்கோ அடுக்குகளுக்கு இடையே அறை அறையாக இடைவெளி விழுந்து, அதில் கூழ் போன்ற பொருள் நிரம்பியது. ஓடு தடித்துப் பந்து போல் உருண்டது. உள்ளே சதை சுருங்கியது. அப்படிப்பட்ட சிப்பியைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் சிப்பி எடுத்த விரிகுடாவில் 1981-இல் கிடைத்தது சுமார் 3,000 டன்தான்.

குற்றவாளி எங்கோ தொலைவில் இருந்த தொழிற்சாலை அல்ல. அதே நீரில் மிதந்த படகுகளின் அடிப்பூச்சு. படகின் அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டினால் வேகம் குறையும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அதைத் தடுக்க 1960-களிலிருந்து டிரைபியூட்டைல் டின் என்ற பொருள் கலந்த பெயிண்ட் புழக்கத்துக்கு வந்தது. டின் என்பது வெள்ளீயம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் இந்த வெள்ளீயமே. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே உலோகத்தைக் கரிமப் பொருளோடு சேர்த்துச் செய்த இந்தக் கூட்டு கொடிய நஞ்சு. பூச்சிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து, ஒட்ட வரும் உயிரைக் கொல்வதுதான் அதன் வேலை. சிப்பிக் குஞ்சும் ஒட்ட வரும் உயிர்தானே! கொட்டலசுக்கு வைத்த நஞ்சு சிப்பியை மட்டும் விட்டு வைக்குமா?

எவ்வளவு நஞ்சு போதும் என்பதுதான் மலைக்க வைக்கும் விஷயம். ஏறக்குறைய 250 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்பதாகக் கொள்வோம். அதில் இந்த நஞ்சை 2 கிராம் கலந்தால் போதும். சிப்பியின் ஓடு கோணத் தொடங்கும். 20 கிராம் கலந்தால் இனப்பெருக்கம் குலையும். இத்தனை குறைந்த அளவு ஏன் தாக்குகிறது என்றால், சிப்பி தன் இரையை நீரிலிருந்து வடிகட்டித் தின்னும் உயிர். வளர்ந்த சிப்பி மணிக்குப் பல லிட்டர் நீரைச் செவுள் வழியே இழுத்து விடுகிறது. நீரில் துளியாக இருப்பது அதன் உடலில் சேர்ந்து சேர்ந்து பெருகுகிறது.

கிளாட் அல்சியூ என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் அவருடன் பணி செய்தவர்களும் படகுகள் நெருக்கமாக நிற்கும் இடங்களையும் சிப்பிகளின் கோளாற்றையும் ஒப்பிட்டு உண்மையை வெளிக்கொணர்ந்தனர். 1982 ஜனவரியில், 25 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள படகுகளுக்கு இந்தப் பெயிண்டைப் பூசப் பிரான்சு அரசு தடை விதித்தது. அந்தக் கோடையிலேயே ஓடுகளில் மீண்டும் குஞ்சு ஒட்டியது. ஓட்டின் கோணலும் அடுத்து வந்த ஆண்டுகளில் குறைந்தது. ஊற்றுவாயை அடைத்ததும் இவ்வளவு விரைவாகப் பலன் கிடைத்தது ஆறுதலான செய்திதான். ஆனால் ஐந்து ஆண்டு விளைச்சல் போனது போனதுதான்.

இங்கிலாந்தின் பிளைமவுத் கடற்கரையில் இதைவிட விசித்திரமான பாதிப்பு தென்பட்டது. பாறைகளில் வாழும் நாய்ச்சங்கு என்னும் சிறு நத்தையில், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருந்ததை 1970-இல் கண்டார்கள். அந்த வளர்ச்சி முட்டை வரும் வழியை அடைத்துவிடும். முட்டைகள் உள்ளேயே தேங்கிப் பெண் நத்தை செத்துப் போகும். 1980-களில்தான் இதற்கும் அதே பெயிண்டே காரணம் என்று தெளிவாயிற்று. இந்த நத்தையின் குஞ்சுகள் நீந்திப் பரவுவதில்லை. முட்டைக் கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவரும். ஆகவே ஒரு பாறையில் அழிந்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. பல துறைமுகங்களின் ஓரத்தில் இனமே அற்றுப் போனது. நம் நாட்டில் கோவாவின் மர்மகோவா துறைமுகப் பகுதி நத்தைகளிலும் இதே கோளாறு பதிவாகியுள்ளது. எல்லாக் கப்பல்களிலும் இந்தப் பெயிண்டை விலக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு, 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கை வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. இந்த நஞ்சு துறைமுகச் சேற்றில் பல ஆண்டுகள் தங்கும். தூர் வாரும்போது கிளம்பும். இப்போது வரும் பெயிண்டுகளில் பெரும்பாலும் தாமிரம் இருக்கிறது. தாமிரமும் அளவு மீறினால் சிப்பிக் கருவைச் சிதைக்கும், பாதரசமும் அப்படியே. தாமிரம் மிகுந்த நீரில் வளர்ந்த சிப்பியின் சதை பச்சை நிறமாவது உண்டு. ஆனால் சிலவகை நுண்பாசியைத் தின்றாலும் செவுள் பச்சையாகும். எனவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அதே போல் குஞ்சு பிடிக்காததற்கெல்லாம் உலோகமே காரணம் என்பதும் தவறு. பெருமழையில் நீரின் உப்பு திடீரென்று குறைந்தாலும் குஞ்சு மடியும்.

பண்ணைக்கு இடம் தேடுவோர் படகு பழுது பார்க்கும் இடம், பெயிண்ட் சுரண்டும் துறை, ஆலைக் கழிவு விழும் வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். பணத்தை முடக்குமுன் குஞ்சு பிடிக்கும் பருவம் ஒன்றில், சுண்ணாம்பு பூசிய பத்து ஓடுகளை உத்தேசித்த இடத்திலும், அதே அளவு ஓடுகளைத் தூய நீருள்ள வேறோரிடத்திலும் கட்டித் தொங்கவிட்டு எண்ணிப் பார்க்கலாம். ஒன்றில் நிறைய ஒட்டி மற்றொன்றில் ஒன்றுமில்லை என்றால், நீரையும் சேற்றையும் சோதனைக்கு அனுப்பாமல் அங்கே கழி நடக் கூடாது. சொந்தப் படகின் பழைய பூச்சைக் கரையில், சாக்குப் படுதா விரித்துச் சுரண்டி, துகளை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். கழிமுகத்தில் நிறுத்தியபடியே சுரண்டினால் அத்தனையும் சிப்பியின் வாய்க்கே போய்ச் சேரும்.

அறுவடை செய்த சிப்பியைத் தூய நீர்த் தொட்டியில் ஓரிரு நாள் விட்டு எடுக்கும் வழக்கம் உண்டு. வயிற்றிலுள்ள மணலும், நோய்க் கிருமிகளில் பெரும்பகுதியும் அதில் வெளியேறும். உடலில் ஊறிய உலோகம் ஓரிரு நாளில் போகாது. சந்தேகத்துக்குரிய இடத்துச் சிப்பியைத் தொட்டியில் கழுவி விற்றுவிடலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.