காவிரி சொல்லிவிட்டு வரும்... கோரையாறு? திருச்சி மக்களின் மனுக்களை ஏன் கவனிக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் திருச்சி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் வாசலில் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மனு, ஆதார் ஜெராக்ஸ், மொபைலில் எடுத்து பிரிண்ட் போட்ட இரண்டு போட்டோ. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என ஆளுக்கொரு பிரச்சினை. மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வாராவாரம் நடப்பதுதான்.

இந்த மனுக்களுக்கு நடுவே வேறொரு வகை மனுவும் வரும். "எங்க நகர் பின்னாடி ஓடுற ஆத்துல கரை பலவீனமா இருக்கு, மழைக்கு முன்னாடி சரி பண்ணிக் கொடுங்க சார்" என்பது மாதிரி. உதவித்தொகை நின்று போனவரின் கஷ்டம் இன்றைக்கே கண்ணுக்குத் தெரிகிறது. கரையைப் பற்றி எழுதியவர் சொல்வதோ இன்னும் நடக்காத ஒன்று. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டால் அவர் சும்மா பயமுறுத்தியவர் ஆகிவிடுவார். மழை கொட்டித் தீர்த்தால், "முன்னாடியே சொன்னோமே" என்று டிவி மைக்கில் பேசுவார். பதிவேட்டில் இரண்டு மனுவுக்கும் ஒரே மாதிரிதான் நம்பர் போடுகிறார்கள்.

திருச்சி மாதிரி ஓர் ஊரில் இந்த இரண்டாவது வகை மனுவைக் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஏன் என்பதற்கு 2018 ஆகஸ்ட் மாதத்தைத் திரும்பிப் பார்த்தாலே போதும்.

*ஒரே வாரத்தில் இரண்டு*

அந்த ஆண்டு ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் நடுவில் அணையிலிருந்து சுமார் 2 லட்சம் கனஅடி வரை தண்ணீர் வெளியேறியது. காவிரியில் வெள்ளம் மிஞ்சினால் முக்கொம்பிலிருந்து அது கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். ஸ்ரீரங்கம் தீவுக்கும் திருச்சி நகருக்கும் வெள்ளக்காலத்தில் உண்மையான காவல்காரன் கொள்ளிடம்தான்.

ஸ்ரீரங்கம் தீவை வடகரையோடு இணைத்த பழைய கொள்ளிடம் பாலம் 1928-ல் கட்டப்பட்டது. பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு 2016 முதல் அதில் வாகனப் போக்குவரத்து இல்லை. ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் 18, 19-வது தூண்கள் ஆற்றில் சரிந்தன. விரிசல் கண்ணில் பட்டதும் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 6 முதல் 14 வரை ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டத் தொடங்கிய அணை அது. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது தாங்கியது, நீர்வரத்து குறைந்து "அப்பாடா" என்று ஊர் மூச்சுவிட்ட நேரத்தில் உடைந்தது. மணல் மூட்டைகளையும் பாறாங்கற்களையும் போட்டு தற்காலிகத் தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று.

ஆற்றில் மணல் அள்ளி அள்ளி படுகை தாழ்ந்ததுதான் காரணம் என்று விவசாயிகளும் சூழல் ஆர்வலர்களும் சொன்னார்கள். 182 ஆண்டு பழைய கட்டுமானம், அதனால் உடைந்தது என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. எது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டப்பட்டது.

2024-லும் இதே கொள்ளிடம் ஒரு முறை மிரட்டியது. ஆடிப்பெருக்கை ஒட்டி வந்த வெள்ளத்தில், ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் சரிந்தது. புதுப் பாலத்தின் அடிப்பகுதியைக் காக்க அண்மையில் கட்டிய தடுப்புச்சுவரும் அடித்துச் செல்லப்பட்டது. பழையது மட்டும்தான் உடையும் என்று நினைத்தவர்களுக்கு இது புதுத் தகவல்.

*இரண்டு வெள்ளம், இரண்டு சீசன்*

திருச்சிக்கு வெள்ளம் இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. வெளியூரிலிருந்து குடிவந்தவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. அப்பார்ட்மென்ட் வாங்கும்போது "காவிரி எவ்வளவு தூரம்?" என்று கேட்பவர்கள், "கோரையாறு எவ்வளவு தூரம்?" என்று கேட்க மாட்டார்கள்.

முதல் வெள்ளம் காவிரியில் வருவது. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்து, அங்குள்ள அணைகள் நிரம்பி, மேட்டூர் நிரம்பி, ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும். மேட்டூரில் எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பது செய்தியில் ஓடும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் 15, 16 தேதி வாக்கில்தான் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரும். வெள்ளக்காலத்தில் இன்னும் வேகமாக வரும் என்றாலும், கரையோரம் இருப்பவர்களை மாற்றவும் படித்துறைகளை மூடவும் நேரம் கிடைக்கும். அம்மாமண்டபத்தில் போலீஸ் கயிறு கட்டிவிடும், தண்டோரா போடுவார்கள், கலெக்டர் வந்து பார்ப்பார். இதெல்லாம் நிர்வாகத்துக்குப் பழகிப்போன வேலை. நன்றாகவே செய்கிறார்கள்.

இரண்டாவது வெள்ளம் ஊரின் முதுகுப் பக்கத்திலிருந்து வருவது. மணப்பாறை, விராலிமலை பக்கத்து மேட்டு நிலங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால் கோரையாறும் அரியாறும் பொங்கும். கோரையாறு பஞ்சப்பூர், எடமலைப்பட்டிபுதூர், கருமண்டபம் பக்கமாக வந்து, புத்தூர் அருகே உய்யகொண்டான் வாய்க்காலைச் சந்தித்து, அங்கிருந்து குடமுருட்டி என்ற பெயரில் காவிரிக்குப் போகிறது. மேலே மேட்டூர் மாதிரி பெரிய அணை கிடையாது. அதனால் கனஅடி அறிவிப்பும் கிடையாது. ராத்திரி மழை பெய்தால் விடிவதற்குள் தெருவில் தண்ணீர் நிற்கும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதே நேரத்தில் காவிரியும் நிரம்பி ஓடினால் குடமுருட்டியின் தண்ணீர் வடிய இடமில்லாமல் பின்னோக்கித் தேங்கும். பாத்ரூம் வாளியில் தண்ணீர் மட்டம் ஏறிவிட்டால் குழாய்த் தண்ணீர் எங்கே போகும், அந்தக் கணக்குதான். 1977 நவம்பர் புயல் மழையையும் 2005 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த பெரியவர்கள் இன்றும் சுவரில் கையை வைத்து "இது வரைக்கும் தண்ணி" என்று காட்டுவார்கள். 2021 நவம்பரில் லிங்கம் நகர், வயலூர் ரோடு, எடமலைப்பட்டிபுதூர் பகுதிகளில் மறுபடியும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

இன்றைக்கு ஊர் வளர்வது இந்தத் திசையில்தான். 2025 மே மாதம் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பஸ் முனையம் பஞ்சப்பூரில். அதைச் சுற்றி மனைகள், கடைகள், குடியிருப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. மண்ணில் இறங்கிய மழை இனி சிமென்ட் தரையில் வழிந்து ஓடும். 2015 டிசம்பரில் சென்னை கற்ற பாடத்தைத் திருச்சி தனியாக ஒருமுறை காசு கொடுத்துக் கற்க வேண்டுமா என்பதுதான் அந்தப் பகுதி நலச்சங்கத்தினர் மனுக்களில் கேட்பது.

*யாருகிட்ட சொல்றது?*

கேட்பது சுலபம். யாரிடம் கேட்பது என்பதில்தான் மனு பாதி வழியில் நின்றுவிடுகிறது. தெருவில் இருக்கும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அந்த வடிகால் போய்ச் சேரும் உய்யகொண்டானும் கோரையாறும் நீர்வளத் துறையுடையவை. மேலே போகும் பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறையாக இருக்கலாம், பைபாஸ் என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஓரத்தில் சாய்ந்து நிற்கும் கம்பம் மின்வாரியம். ஒரே இடத்தில் தேங்கும் தண்ணீருக்கு நாலு ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொருவரும் "இது எங்க லிமிட்ல வராதுங்க" என்று சொல்வது பல நேரம் பொய்யும் அல்ல.

ஜங்ஷன் அரிஸ்டோ மேம்பாலம் இதற்கு ஊரறிந்த உதாரணம். 2014-ல் தொடங்கிய வேலை, 0.66 ஏக்கர் ராணுவ நிலத்துக்காக ஒரு கை மட்டும் அந்தரத்தில் தொங்கியபடி வருஷக்கணக்கில் நின்றது. முழுமையாகப் பயன்பாட்டுக்கு வர 2023 ஆனது.

ஸ்ரீரங்கத்தில் இந்தப் பட்டியலில் இந்து சமய அறநிலையத் துறையும் சேர்ந்துகொள்கிறது. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலையில் கோயிலின் கிழக்கு வாசல் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து தெருவில் விழுந்தது. விரிசல் ஏற்கனவே தெரிந்ததுதான், முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். பகலில் ஆட்களும் வண்டிகளும் போய்வரும் வாசல் அது. விழுந்தது ஊர் தூங்கும் நேரத்தில் என்பதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

தீவு என்பதால் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பாலம் என்றாலே கூடுதல் பதற்றம் உண்டு. 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதமும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகவே பைபாஸ் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஆபீஸ் போகிறவர்களுக்கு அது டைம் பிரச்சினை. ஆம்புலன்ஸில் இருப்பவருக்கு?

*மலைக்கோட்டை அடிவாரத்தில்*

வெள்ளம் மட்டும்தான் பேரிடரா? 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் தீப்பிடித்தது. மேல் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் பற்றிய தீ, இறங்கி ஓட வழியில்லாமல் சிக்கிய 50-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மணமகனும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்து நடந்ததால், ஸ்ரீரங்கம் தீ பொது நினைவிலிருந்து கொஞ்சம் பின்னால் போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்.எஸ்.பி. ரோட்டிலோ பெரிய கடை வீதியிலோ நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் குனிந்து செருப்பை மாட்டினால் பின்னால் பத்து பேர் நிற்க வேண்டும். தெப்பக்குளத்தைச் சுற்றிய சந்துகளில் வீடுகளும் உண்டு. அங்கே ஒரு மாடியில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எந்த முனை வரை வரும், அங்கிருந்து குழாய் எத்தனை அடி இழுக்க வேண்டும்? தரைக்கடை வியாபாரிகளை விரட்டினால் தீர்ந்தது என்று பலர் சொல்வார்கள். அவர்களுக்கும் அதே வீதிதான் பிழைப்பு. வண்டி நுழைய ஒரு பாதையை மட்டும் கோடு போட்டுக் காலியாக வைத்து, அதைத் தீபாவளிக்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

*மனுவுக்கும் சீசன் உண்டு*

பெரும்பாலான மனுக்கள் வருவது அக்டோபரில், முதல் மழைக்குப் பிறகு. அந்த நேரத்தில் அதிகாரியால் செய்ய முடிந்தது மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைப்பதும், அடைப்பை எடுப்பதும்தான். தூர்வார வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் சொல்ல வேண்டும். கல்வெட்டை அகலப்படுத்தவோ தடுப்புச்சுவர் கட்டவோ வேண்டுமென்றால், அடுத்த பட்ஜெட்டில் இடம்பிடிக்கும்படி டிசம்பர், ஜனவரியிலேயே கொடுத்தாக வேண்டும். தண்ணீர் வடிந்த மறுவாரம் எல்லாரும் மறந்துபோகும் நேரம் இருக்கிறதே, மனு எழுத அதுதான் சரியான நேரம். சுவரில் சேற்றுக்கோடு காய்வதற்குள் ஸ்கேல் வைத்து, தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிட்டால் அது யாரும் மறுக்க முடியாத ஆதாரம்.

எப்படி எழுதுவது என்பதும் முக்கியம். "வாய்க்காலைத் தூர்வாருங்கள்" என்று எழுதினால் "தூர்வாரப்பட்டது" என்று பதில் வரும். எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை, எந்தத் தேதிக்குள், அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால் பதிலும் அதே அளவு தெளிவாக வந்தாக வேண்டும். கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. அள்ளிய சகதியைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போய்விடும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். காகிதம் கேட்பது மட்டுமில்லாமல், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியை எடுக்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது. மாநகராட்சியின் 65 வார்டுகளிலும் கேட்க இன்னொரு இடமும் உண்டு. அது பகுதி சபை. கிராமங்களில் கிராம சபை மாதிரி, நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் கூட்டப்படுவது. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு யார் போவது என்பது வேறு விஷயம்.

அங்கே போய்க் கேட்க ஒரு புதுக் கேள்வியும் கிடைத்திருக்கிறது. 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. மாவட்டத் திட்டத்தை அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2025-ல் வந்த சட்டத் திருத்தம், மாநகராட்சி உள்ள நகரங்களுக்கு மாநில அரசு தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம் என்கிறது. மாநகராட்சி கமிஷனர் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். வடிகால் ஒருவருக்கு, ஆறு இன்னொருவருக்கு என்று பிரிந்து கிடக்கும் ஊரில் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க இது ஒரு வழி. "அமைக்க வேண்டும்" என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, "அமைக்கலாம்" என்றுதான் சொல்கிறது. ஆகவே யாராவது கேட்க வேண்டும்.

அவசரத்துக்கு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070. கோரையாற்றுக் கரையில் வீடு இருந்தால், நவம்பர் ராத்திரியில் கூகுளில் தேடுவதற்கு முன்பே இரண்டையும் போனில் சேவ் செய்துகொள்ளலாம். தண்ணீர் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதை அடுத்த பகுதி சபையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.